செருலோபிளாஸ்மின் நார்மல் என்றால் வில்சன் நோய் இல்லையா?

ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்ற புரதம் நார்மலாக இருந்தால் வில்சன் நோய் (உடலில் செம்பு தேங்கும் பரம்பரை நோய்) இல்லை என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு டெஸ்ட்டை வைத்து அப்படி முடிவு செய்ய முடியாதுங்க. செம்பைச் சுமக்கும் இந்தப் புரதம் அழற்சியாலும், கர்ப்ப காலத்திலும், ஈஸ்ட்ரோஜன் மாத்திரையாலும் ஏறும். அதனால் நோய் உள்ளவருக்கும் ரிப்போர்ட்டில் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல், அதாவது நார்மலாக, வரலாம். மருந்தால் கட்டுப்படுத்தக்கூடிய நோயைத் தவறவிடுவது பெரிய கொடுமை.

இந்த நோயைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் லைப்சிக் மதிப்பெண் அட்டவணையைத் தேடிப் பாருங்கள். நார்மல் செருலோபிளாஸ்மினுக்கு அதில் 0 தான், எதையும் கழிப்பதில்லை. 24 மணி நேரச் சிறுநீரில் உள்ள செம்பு, கருவிழி ஓரத்துப் பழுப்பு வளையம், இந்த நோய்க்குக் காரணமான ஏடிபி7பி மரபணு மாற்றம் ஆகியவற்றுக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு. மொத்தம் 4 வந்தாலே நோய் உறுதி.