உருப்படாமல் போன ஊராம்!

அந்த அண்ணன் பெயரைச் சொல்லப்போவதில்லை. சனிக்கிழமைப் பேச்சை எல்லோரும்தான் கேட்டீர்கள். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் கறுப்பின மக்கள் உருவாக்கிய சிற்றூர் நிக்கோடெமஸ். அதைத்தான் "நிக்கோடெமஸ் உருப்படாமல் போன ஊர், உழைப்பு பத்தல" என்றார். கைதட்டல் வேறு!

உழைப்பு பத்தலையா?

1877. கென்டக்கியில் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள், சொந்த நிலம் என்ற ஒரே ஆசையில் கான்சஸ் புல்வெளிக்கு வந்தார்கள். எல்லிஸில் ரயிலை விட்டு இறங்கி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். 1878-இல் வந்த வில்லியானா ஹிக்மன் "ஊர் எங்கே?" என்று கேட்க, கணவர் தரையிலிருந்து எழும் புகையைக் கைகாட்டினாராம். ஜனங்கள் மண்ணைத் தோண்டி, குழிக்குள் குடியிருந்தார்கள். அந்தம்மா அங்கேயே அழுதுவிட்டார்.

குழியில் தொடங்கியவர்கள் பத்தே வருஷத்தில் சர்ச், பள்ளிக்கூடம், ஹோட்டல், பத்திரிகை என்று ஊராக்கிவிட்டார்கள். ரயிலை வரவழைக்க 16,000 டாலர் கடன்பத்திரத்துக்கு ஓட்டும் போட்டார்கள். 1888-இல் ரயில் வந்தது, ஊருக்குள் அல்ல, ஊரை விட்டு விலகி சாலமன் ஆற்றுக்குத் தெற்கே! கடைக்காரர்கள் தண்டவாளத்தின் பின்னால் போனார்கள். இதில் உழைப்பு எங்கே குறைந்தது அண்ணே?

"அது பூர்வகுடிகளின் நிலம்தானே" என்று ஒருவர் கேட்பார். ஆமாம், உண்மைதான். முதல் குளிர்காலத்தில் ஓசேஜ் என்ற பூர்வகுடி வேட்டைக்காரர்கள் இறைச்சி கொடுத்துக் காப்பாற்றியதாக அந்த ஊர்க்காரர்களே சொல்கிறார்கள். "எதிலும் அரசியலா" என்பவர்களுக்கு: தயவுசெய்து நட்பு நீக்கிவிட்டுப் போங்கள்.

எங்கப்பா மெயின் ரோட்டில் டீக்கடை வைத்திருந்தார். விடிகாலை நாலு மணிக்குப் பாய்லருக்குப் பட்டை போட்டு, பொட்டு வைத்துப் பற்றவைப்பார். பைபாஸ் வந்தது. பத்து லிட்டர் பால் மூன்றானது, அப்புறம் ஒன்றரை. அப்போதும் நாலு மணிக்குத்தான் எழுந்தார். ஒரு கல்யாணப் பந்தியில் உறவுக்காரர் ஒருவர், அப்பா காதில் விழும்படியே சொன்னார்: "மனுஷனுக்கு யாவாரச் சாமர்த்தியம் பத்தல." அப்பா இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். பாயாசம் இன்னும் வரவில்லை.

சனிக்கிழமை அந்தப் 'பத்தல' மறுபடி காதில் விழுந்தது. மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். இருக்கட்டும்.

அண்ணே, நிக்கோடெமஸில் இன்றும் சில குடும்பங்கள் இருக்கின்றன. 1996-இல் அது தேசிய வரலாற்றுத் தலமானது. வருஷா வருஷம் கோடையில் வெளியூர்ப் பேரப்பிள்ளைகள் திருவிழாவுக்குத் திரும்பி வருகிறார்கள். ஒரு தடவை போய்ப் பாருங்கள். காரில்தான் போக வேண்டும், ரயில் கிடையாது.