காலி இடமாம், காலி இடம்!

அந்த ஜேம்ஸ்டவுன் வீடியோவை எனக்கு இன்னும் அனுப்பாதவர்கள் யாராவது மிச்சம் இருந்தால், தயவுசெய்து அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். அதற்குக் கீழே நான் போட்ட கமெண்ட்டுக்கு விழுந்த சிரிப்பு எமோஜிகளையும் பார்த்துவிட்டேன். "அக்கா, ஒரு ஜாலியான டிராவல் வீடியோவுக்கு இவ்வளவு பெரிய கமெண்ட்டா?" என்று கேட்ட தம்பிக்கு: ஆமாம்ப்பா, அது பத்தாது என்றுதான் இப்போது பதிவே எழுதுகிறேன்.

ஜேம்ஸ்டவுன் என்றால் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இங்கிலீஷ்காரர் முதலில் நிலைத்த குடியேற்றம். அங்கே கோட்டை வேலிக்கு முன்னால் நின்றுகொண்டு வீடியோ எடுத்தவர் சொன்னது இதுதான்: "யாருமே சீண்டாத காலி இடம். அதுல வந்து இறங்கி ஒரு நாட்டையே கட்டினான் பாருங்க, அதான் பிளானிங். இங்க இருந்தவங்க காட்டுல சுத்திக்கிட்டு இருந்தாங்க."

பிளானிங். சரி. 1607 மே மாதம் ஜேம்ஸ்டவுன் தீவில் இறங்கியவர்கள் 104 பேர். அடுத்த ஜனவரியில் மிச்சம் இருந்தவர்கள் 38 பேர். இந்த பிளானிங்கைத்தான் நாம் லைக் போட்டு ஷேர் செய்துகொண்டிருக்கிறோம்.

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கூட, "இது ஏன் இவ்வளவு நாளா பூட்டிக் கிடக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்பார். அந்த ஜேம்ஸ் ஆற்றங்கரை முழுக்க ஊர்கள். குடியேற வந்தவர்களில் ஒருவரான ஜான் ஸ்மித் 1612-ல் வெளியிட்ட வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மேற்குத் திசை மேலே இருக்கும், தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்க்க வேண்டும். அதில் பூர்வகுடி ஊர்கள் மட்டும் 200-க்கு மேல். வந்தவன் போட்ட வரைபடமே "இங்கே ஆள் இருக்கிறது" என்கிறது. அத்தனை ஊர்களுக்கு நடுவில் ஒரு தீவில் மட்டும் யாரும் குடியிருக்கவில்லை என்றால், அந்தப் பக்கத்து மக்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அது காலி இடம் இல்லை. வேண்டாம் என்று விட்ட இடம். வேட்டைக்கு வந்துபோவார்கள், குடியிருக்க மாட்டார்கள்.

ஏன் வேண்டாம் என்று விட்டார்கள்? தண்ணீர். வேறொன்றும் இல்லை, தண்ணீர்தான்.

அப்பா இங்கே வந்திருந்தபோது அவரை ஜேம்ஸ்டவுனுக்குக் கூட்டிப்போனேன். ஆகஸ்ட் மாதம், கொசு பிடுங்கி எடுக்கிறது. நான் கோட்டை, தேவாலயம் என்று காட்டிக்கொண்டே போகிறேன், மனிதர் எதையும் காதில் வாங்கவில்லை. நேராக ஆற்றோரம் போய்க் குனிந்து ஒரு கை அள்ளி, நாக்கில் வைத்துத் துப்பினார். "கரிக்குது. எதைக் குடிச்சானுங்க?" என்றார். அவருக்கு இங்கிலீஷ் வராது, வழிகாட்டி பேசியதில் ஒரு வரி புரிந்திருக்காது. ஆனால் கடைமடை விவசாயி. லட்சக்கணக்கில் வியூஸ் வாங்கிய வீடியோவில் வராத கேள்வி, அவருக்கு வந்து சேர்ந்த முதல் நிமிடத்திலேயே வந்தது.

எதைக் குடித்தார்கள் என்றால், அதையேதான் குடித்தார்கள். முதல் கோடையில் கோட்டைக்குள் கிணறு கிடையாது. ஜேம்ஸ் ஆற்றில் கோடைக்கு நீர்வரத்து குறைந்தால் கடல் உப்பு மேலேறித் தீவு வரைக்கும் வந்துவிடும். நன்னீரும் உவர்நீரும் சந்திக்கும் அந்த இடத்தில் ஓட்டம் மந்தம். காலையில் ஆற்றில் கொட்டிய கழிவு கடல் ஏற்றத்தில் திரும்பி வரும். ஏற்றத்தில் ஒரே உப்பு, வற்றத்தில் சேறும் அசிங்கமும் என்று அங்கே இருந்த ஜார்ஜ் பெர்சியே எழுதிவைத்திருக்கிறார். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வீக்கமுமாக ஆகஸ்டில் தினம் ஒரு சாவு.

இதில் கொடுமை என்னவென்றால், இவர்களை அனுப்பிய வர்ஜீனியா கம்பெனி லண்டனிலிருந்தே எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தது: தாழ்வான, ஈரமான இடத்தில் குடியேறாதீர்கள், உடம்புக்கு ஆகாது என்று. அதே தாளில், கப்பல் கரையை ஒட்டி வருகிற மாதிரி ஆழமான ஆறாகப் பாருங்கள், எதிரி சுலபமாக வர முடியாதபடி உள்ளே தள்ளிப் போங்கள் என்றும் இருந்தது. இவர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். கப்பலைக் கரையோர மரத்திலேயே கட்டிவிடலாம், அன்றைக்குத் தீவை நிலத்தோடு ஒட்டியிருந்த கழுத்து குறுகலானது, காவல் சுலபம். கப்பலுக்கு நல்ல இடம். மனுஷனுக்கு?

"ஸ்பானியர் பயம் இருந்ததே மேடம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். இருந்தது. 1565-ல் ஃப்ளோரிடாவில் பிரெஞ்சுக்காரர் கோட்டையை ஸ்பானியர் அழித்த கதை எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. நியாயமான பயம், ஒப்புக்கொள்கிறேன். பயந்துபோய்ப் பிடித்த இடம் என்று சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது? பிளானிங் என்று சொல்லாதீர்கள்.

இப்போது அந்தக் "காட்டுல சுத்தினவங்க". பவ்ஹாட்டன் மக்கள், சுமார் 30 இனக்குழுக்கள், தோராயமாக 15,000 பேர். அவர்கள் ஊர்களும் ஆற்றோரம்தான். ஆனால் எப்படிப்பட்ட ஆற்றோரம்? வெள்ளம் ஏறாத மேடு, சோளமும் பீன்ஸும் பூசணியும் விளையும் மண், பக்கத்தில் நல்ல தண்ணீர் ஊற்று, கூப்பிடு தூரத்தில் நன்னீர்ச் சதுப்பு. அந்தச் சதுப்பில்தான் டக்கஹோ என்ற கிழங்கு இருக்கும். பச்சையாகத் தின்றால் தொண்டை எரிந்துபோகும் நஞ்சு. சேற்றில் இறங்கித் தோண்டி, காயவைத்து, நெருப்பில் நாள் முழுக்கப் போட்டு நஞ்சை எடுத்து, இடித்து மாவாக்க வேண்டும். செய்தது பெண்கள். சோளம் நட்டதும் பெண்கள், கோரைப்பாய் பின்னி வீடு கட்டியதும் பெண்கள். பழைய சோளம் தீர்ந்து புதுச்சோளம் முற்றுவதற்கு இடையில் கையிருப்பு இல்லாத மாதங்களை இந்தக் கிழங்கும், வசந்தத்தில் முட்டையிட ஆறேறி வரும் ஷாட் மீனும் ஹெர்ரிங்கும்தான் கடத்தின. எந்த மாதம் எங்கே என்ன கிடைக்கும் என்று தெரிந்து அந்தந்த இடத்துக்குப் போவதற்குப் பெயர் சுற்றுவதா?

அவர்களின் பெரிய தலைவர் வாஹுன்செனகா எங்கே இருந்தார் தெரியுமா? யார்க் ஆற்றின் வடகரையில் வெரொவொகொமொகோ. முன்னால் ஆழமில்லாத விரிகுடா. மரத்தைக் குடைந்து செய்த ஓடத்துக்கு அது போதும். 1609 ஜனவரியில் ஜான் ஸ்மித் அங்கே போனபோது பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு வந்து, வற்றத்தில் படகு சேற்றில் தட்டி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்தார். இங்கிலீஷ்காரர் நெருக்குகிறார் என்று தெரிந்ததும் அதே வருடம் தலைவர் மேற்கே ஒராபாக்ஸுக்குக் கிளம்பிவிட்டார். கப்பல் வராத இடம். இது பிளானிங் இல்லையாம்.

"அந்த வருஷங்கள்ல பஞ்சம் அக்கா, இடத்து மேல பழி போடாதீங்க." உண்மை, பஞ்சம்தான். சைப்ரஸ் மர வளையங்களை வைத்து 1998-ல் ஓர் ஆய்வு வந்தது: 1606 முதல் 1612 வரை, 770 வருடங்களில் அங்கே கண்ட மிக வறண்ட ஏழு வருடங்கள். அதனால் என்ன? மழை இல்லை என்றால் ஆற்றில் உப்பு இன்னும் மேலே ஏறும். இருபக்கமும் சோளம் குறையும். 1609-10 குளிர்காலத்தில் கோட்டைக்குள் 300 பேர் போல இருந்தவர்கள், வசந்தத்தில் 60 பேர் போல. செத்துப்போன பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியின் எலும்பில், பசியில் அவளை வெட்டித் தின்ற கத்தித் தடம் இருந்தது என்று 2013-ல் அறிவித்தார்கள். அதை எழுதும்போது எனக்கும் தொண்டை அடைக்கிறது, வெள்ளைக்காரப் பிள்ளை என்றால் எனக்கு வலிக்காது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

"கடைசியில் ஜெயிச்சது யாரு?" இதுதான் அதிக லைக் வாங்கிய கேள்வி. ஐயா, அந்த இடம் ஜெயிக்கவில்லை. 1611-லேயே குடியேற்றத்தை நடத்த வந்த தாமஸ் டேல், ஆற்றின் மேலே மேட்டு நிலம் தேடி ஹென்ரிக்கஸ் என்ற ஊரைக் கட்டப் போய்விட்டார். 1699-ல் தலைநகரமே இரண்டு ஆறுகளுக்கு நடுவில் உள்ள மேட்டுக்கு, இன்றைய வில்லியம்ஸ்பர்க்குக்கு, மாறிவிட்டது. நடுவில் புகையிலை வந்தது, அதற்கு ஆற்றோர நல்ல மண் வேண்டும். அந்த மண்ணை ஏற்கெனவே காடு திருத்திப் பண்படுத்தி வைத்திருந்தது யார்? நிலத்தைப் படிக்கத் தெரிந்தவர்களிடமிருந்து நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு, "காலியா இருந்துச்சு" என்று எழுதிவைத்தால் முடிந்தது.

ஜேம்ஸ்டவுன் தீவு, பவ்ஹாட்டன் குழுக்களில் ஒன்றான பாஸ்பஹே மக்களுடைய எல்லை. 1610 ஆகஸ்டில், அதே ஜார்ஜ் பெர்சி ஆட்களோடு போய் அவர்கள் ஊரை எரித்தார், சோளத்தை வெட்டிப் போட்டார், தலைவரின் மனைவியையும் பிள்ளைகளையும் படகில் ஏற்றினார். பிள்ளைகளை ஆற்றில் வீசிச் சுட்டார்கள். அந்தத் தாயைப் பிறகு வாளால் கொன்றார்கள். நான் கோபத்தில் சொல்வதில்லை, பெர்சி தன் கையால் எழுதியது. காலி இடமாம்.

"அமெரிக்காவுல உக்காந்து சம்பாதிச்சுக்கிட்டு வெள்ளைக்காரனைத் திட்டுறீங்களே" என்றவரை பிளாக் செய்துவிட்டேன். பதில் இருந்தது, சொல்ல மனம் வரவில்லை. ரிச்மண்டில் வேலைக்குப் போகும் வழியில் பாலத்துக்குக் கீழே பாறைகளில் அந்த ஜேம்ஸ் ஆறு இரைந்து விழுவதைத் தினம் பார்க்கிறேன். கப்பல் அதற்கு மேல் ஏறாது, அதற்கு மேற்கே மொனகன் மக்களின் நாடு. அந்த ஊரில் வரி கட்டி, பிள்ளை வளர்ப்பவள் அந்த ஊர்க் கதையைப் பேசக்கூடாதா? வேறு யார் பேச வேண்டும்?

இன்னொருவர், "அவங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்க, அழிஞ்சு போய்ட்டாங்களே" என்று உச்சுக்கொட்டியிருந்தார். இல்லை. பவ்ஹாட்டன் குழுக்களில் ஒன்றான பமங்கி மக்கள் பமங்கி ஆற்றின் வளைவில், அதே பழைய நிலத்தின் ஒரு துண்டில் இருக்கிறார்கள். ஷாட் குஞ்சுகளைப் பொரித்து ஆற்றில் விட்டிருக்கிறார்கள். பழைய ஒப்பந்தப்படி வருடா வருடம் தேங்க்ஸ்கிவிங் முந்தின நாள் ஆளுநர் வீட்டு வாசலில் மானைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ரிச்மண்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, மியூசியமும் இருக்கிறது. திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். அந்த வீடியோ தம்பி அடுத்த தடவை வந்தால் நானே வண்டி ஓட்டுகிறேன், கேமராவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரட்டும்.