கோப்பு 4 எம்பி, நினைவகத்தில் 48 எம்பி

"ஆப் தானா மூடிக்குது தம்பி. மறுபடி முதல்லருந்து ஏத்த வேண்டியிருக்கு."

வயல் ஆய்வுக்குப் போகும் ஓர் அக்கா தன் போனை என் கையில் கொடுத்துச் சொன்னார். 2 ஜிபி ரேம் போன். படப் பட்டியலைத் திறந்து இரண்டு முறை தள்ளினேன். திரை ஒரு நொடி அசையாமல் நின்றது, அடுத்து போனின் முகப்புப் பக்கம் வந்துவிட்டது. வயல் படங்களை ஏற்ற நாங்கள் எழுதிய ஆப் அது. ஆப் பழுதாகி மூடினால் தானாகக் குறித்து அனுப்பும் எங்கள் கிராஷ் ரிப்போர்ட்டில் இப்படி ஒன்று பதிவாகவே இல்லை.

"படம் 4 எம்பிதானே" என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது சுருக்கி வைத்த ஜேபெக் கோப்பின் அளவு. திரையில் காட்ட வேண்டுமானால் அதைப் பிரித்தாக வேண்டும், வழக்கமாகப் பிக்சல் ஒன்றுக்கு 4 பைட். 4000க்கு 3000 என்றால் 1.2 கோடி பிக்சல், அதாவது 48 எம்பி. எட்டுப் படத்துக்கு 380 எம்பியைத் தாண்டிவிடும். ஜேபெக் தரத்தைக் குறைத்துச் சேமித்தாலும் கோப்புதான் இளைக்கும். பிக்சல் எண்ணிக்கை அப்படியே இருப்பதால் நினைவகத்தில் அதே 48 எம்பிதான். இதைப் புரிந்துகொள்ளாமல் நாங்கள் ஒரு வாரம் வீணாக்கினோம்.

ரிப்போர்ட்டில் ஏன் வரவில்லை? ஆண்ட்ராய்டு 8 முதல் படத்தின் பிக்சல்கள் ஜாவா ஹீப்பில் (ஆப்பின் ஜாவா நிரலுக்கு வரம்பிட்டு ஒதுக்கிய நினைவகம்) இருப்பதில்லை, அதற்கு வெளியே உள்ள நேட்டிவ் நினைவகத்துக்குப் போய்விடுகின்றன. அதனால் ஹீப் நிறைந்தால் வரும் பழைய அவுட்ஆஃப்மெமரி பிழை வருவதற்கு முன்பே போனின் நினைவகம் தீர்ந்து, சிஸ்டமே ஆப்பைக் கொன்றுவிடுகிறது. ஆப்புக்குள் இருக்கும் கருவிக்கு எதையும் எழுத அவகாசம் கிடையாது. ஆண்ட்ராய்டு 11 முதல், போன தடவை ஏன் மூடப்பட்டது என்று சிஸ்டத்திடம் கேட்க வழி இருக்கிறது. அந்தச் சில வரிகளை நாங்கள் எழுதியிருக்கவில்லை.

தீர்வு பழையதுதான். முதலில் படத்தின் நீள அகலத்தை மட்டும் படித்துக்கொண்டு, காட்டப்போகும் கட்டத்துக்கு ஏற்ப படத்தை எத்தனை மடங்கு சிறிதாக்கிப் பிரிப்பது என்று சொல்லும் இன்சாம்பிள்சைஸ் எண்ணைக் கொடுக்க வேண்டும். 8 கொடுத்தால் படம் 500க்கு 375 ஆகிறது. 48 எம்பி பிடித்த இடத்தில் முக்கால் எம்பி போதும். படங்களைக் காட்ட உதவும் கிளைட், காயில் போன்ற ஆயத்த லைப்ரரிகள் இதைத் தாமாகவே செய்கின்றன, கட்டத்தின் அளவு மட்டும் அவற்றுக்குத் தெரிய வேண்டும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு மேனிஃபெஸ்டில் (ஆப்பின் விவரக் கோப்பு), பெரிய ஹீப் கேட்கும் லார்ஜ்ஹீப் என்று ஒரு வரி சேர்த்துத் தப்பிக்கப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இருக்கும் 2 ஜிபியில் மற்ற ஆப்களின் பங்கையும் பிடுங்குவதுதான் அது. 8 ஜிபி போனில் மட்டும் சோதித்துவிட்டு "எனக்கு ஓடுதே" என்பது இன்னும் மோசம். ஆப் மூடினால் வெயிலில் நிற்பவர்தானே மறுபடி ஏற்ற வேண்டும்? டீமுக்கு ஒரு 2 ஜிபி போனாவது வாங்கி வையுங்கள். அதில் ஓடாததை வெளியே விடாதீர்கள்.

திருத்திய பிறகு அக்காவின் அதே போனில் பட்டியலில் இருந்த 40 படங்களையும் கடைசிவரை தள்ளிப் பார்த்தேன், ஆப் மூடவில்லை. "சரி, குடு தம்பி, இன்னும் மூணு வயல் இருக்கு" என்று வாங்கிக்கொண்டு வரப்பில் இறங்கிவிட்டார்.