சுருட்டுப் படமும் நாற்பது சிரிப்பும்

ஞாயிற்றுக்கிழமை நம் தண்ணீர்ப்பந்தல் குழுவில் ஓடிய கூத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'புகையிலைச் செடியில் சளிக்காய்ச்சல் ஊசி' என்ற செய்தியைப் போட்டு, பக்கத்தில் சுருட்டுப் படம் ஒட்டியிருந்தார் ஓர் அண்ணன். நாற்பது பேர் சிரித்தார்கள். "இனி கிளினிக்ல தீப்பெட்டியும் கொடுப்பாங்களா?" சரி, முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது.

அது சுருட்டுச் செடி இல்லை அண்ணே. நிகோட்டியானா பெந்தாமியானா, ஆஸ்திரேலியக் காட்டுச் செடி. புகையிலைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. கனடாவின் மெடிகாகோ நிறுவனம் செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பாக்டீரியா கலந்த நீரில் இலைகளை முக்கி, உள்ளிருந்த காற்றை உறிஞ்சியது. காற்று போன இடத்தில் நீர் ஏறும். பாக்டீரியா கொண்டுபோகும் மரபணுவை வைத்து, சில நாளில் இலையே வைரஸின் மேற்புரதத்தைச் செய்துவிடும். அரைத்துப் பிரித்துச் சுத்தம் செய்தால் வைரஸ் போலவே குட்டி உருண்டைகள். உள்ளே வைரஸின் மரபணு கிடையாது, தொற்றாது. எல்லாம் இலையில் நடக்கிறது. இதில் யாரும் எதையும் பற்றவைக்கவில்லை.

"அதான் முட்டையில் வளர்க்கிற ஊசி இருக்கே?" இருக்கிறது. எங்கள் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். இருபத்திரண்டு வருஷம் தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுத்தவர், விரதம் இல்லாத நாளிலும் முட்டை தொடமாட்டார். ஒருமுறை கெஞ்சி கிளினிக்குக் கூட்டிப்போனேன். சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நர்ஸ் தங்கச்சி, "ஐயாவுக்கு முட்டை அலர்ஜி இருக்கா?" என்றாள். "ஏம்மா?" "இது முட்டையில வளர்க்கிறது." அப்பா ஒன்றும் பேசவில்லை. மடித்த கையை இறக்கி, பொத்தானைப் போட்டுக்கொண்டார். அந்த வருஷமே காய்ச்சல் கண்டு ஒன்பது நாள் ஆக்சிஜனில் கிடந்தார். ஊசி போட்டிருந்தாலும் வந்திருக்கும் என்பீர்கள். இருக்கட்டும்.

முட்டையில்லாத ஊசியும் உண்டு என்று ஒருவர் பாடம் எடுப்பார். உண்டு, அமெரிக்காவில் 2013லேயே அனுமதி கிடைத்தது. படைப்புழுவின் செல்லில் செய்தது. 'முட்டை வேண்டாம்ப்பா, புழு' என்று அப்பாவிடம் நீங்களே வந்து சொல்லுங்கள்.

இந்த இலை ஊசி சோதனையில் 35 சதவீதம்தான் தடுத்ததாம். தெரியும். முட்டை ஊசிக்கும் சில வருஷம் அதே லட்சணம்தான்.

மெடிகாகோவில் சிகரெட் கம்பெனிக்குப் பங்கு இருந்ததே என்றால், அது நியாயமான கேள்வி. பிலிப் மோரிஸ் பங்கு வைத்திருந்ததால்தான், கனடா 2022இல் அனுமதித்த மெடிகாகோவின் கோவிட் தடுப்பூசியை உலகச் சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை. பணம் யாருடையது என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் நீங்கள் கேட்டது அதையா? தீப்பெட்டியைத்தானே கேட்டீர்கள்! 2023 பிப்ரவரியில் அதன் உரிமையாளரான மிட்சுபிஷி கெமிக்கல் மெடிகாகோவையே மூடுவதாக அறிவித்துவிட்டது. சளிக்காய்ச்சல் ஊசி சந்தைக்கே வரவில்லை. மூடிய கடையைப் பார்த்துத்தான் இந்தச் சிரிப்பு. இலையில் செய்தது, அண்ணே. எங்கள் அப்பா கையை நீட்டியிருக்கக்கூடிய ஒரே ஊசி.

அப்பா ஆக்சிஜனில் இருந்தபோது இதே குழுவில்தான் எழுதினேன். மூன்று கட்டைவிரல் வந்தது. இப்போது நன்றாக இருக்கிறார், யாராவது கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன்.