எதிர்ப்பு வடக்கில் மட்டும் இருந்ததில்லை

அயர்லாந்தின் மரபு விளையாட்டுகளான கேலிக் கால்பந்து, ஹர்லிங் ஆகியவற்றை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கத்தில் விதி மாற்றங்களை எதிர்த்தவை வடக்கின் (பிரிட்டனின் கீழுள்ள வட அயர்லாந்தின்) ஆறு கவுன்டிகள், அதாவது மாவட்டங்கள், மட்டுமே என்று சொல்லப்படுவதுண்டு; அது தவறு. பிரிட்டிஷ் படையினரும் வட அயர்லாந்துக் காவலரும் உறுப்பினராவதைத் தடுத்த விதி 21, 2001இல் நீக்கப்பட்டபோது, அந்த ஆறில் ஒன்றான டவுன் கவுன்டி நீக்கத்தை ஆதரித்தது. டப்ளினிலுள்ள சங்கத்தின் தலைமை அரங்கான குரோக் பார்க்கைக் கால்பந்துக்கும் ரக்பிக்கும் திறந்துவிட வழிசெய்த 2005ஆம் ஆண்டு வாக்கெடுப்பில், 227க்கு 97 என்று தீர்மானம் நிறைவேறியபோதும், தெற்கிலுள்ள கார்க் கவுன்டி எதிர்த்தே நின்றது.

வடக்கின் தயக்கத்தை வெறும் பிடிவாதம் என்பதும் நியாயமாகப் படவில்லை. வடக்கின் ஆர்மா கவுன்டியிலுள்ள கிராஸ்மக்ளென் கிளப் மைதானத்தின் ஒரு பகுதியைப் பிரிட்டிஷ் படைமுகாம் பல ஆண்டுகள் தன்வசம் வைத்திருந்தது. ஆடுகளத்தை ஒட்டியே ராணுவ ஹெலிகாப்டர்கள் இறங்கி ஏறின. அந்த இரைச்சலுக்கு நடுவே பந்து விளையாடியவர்களுக்கு விதி 21 ஏட்டிலிருந்த பழைய வாசகம் மட்டுமல்ல.