ஓட்டுரிமை போர் தந்த பரிசா?

முதல் உலகப் போர்தான் ஐரோப்பியப் பெண்களுக்கு ஓட்டுரிமை வாங்கித் தந்தது என்று நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார். பாதி உண்மை, அதுவும் சின்னப் பாதி.

பிரிட்டனையே பாருங்கள். போர்முனைக்குப் போன ஆண்கள் ஓட்டுப்போடத் தேவையான வசிப்பிடத் தகுதியை இழந்ததால் வாக்காளர் சட்டத்தைத் திருத்தியே தீரவேண்டியிருந்தது. அந்தக் கதவிடுக்கில்தான் பெண்கள் நுழைந்தார்கள். எல்லாரும் அல்லர். வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டி.என்.டி. என்ற வெடிபொருள் பட்டுத் தோல் மஞ்சளாகிப்போன பெண்களை 'கேனரி' என்று மஞ்சள் குருவியின் பெயரால் அழைத்தார்கள். அவர்களில் ஏராளமானோர் இளம்பெண்கள். 1918ஆம் ஆண்டுச் சட்டமோ 30 வயது நிறைந்த பெண்களுக்கு மட்டும், அதிலும் சொத்துத் தகுதி பார்த்துக் கொடுத்தது. ஆண்களுக்கு 21 போதும், போரில் பணியாற்றியிருந்தால் 19. குண்டு செய்தவள் வெளியே நின்றாள். சமவயது உரிமைக்கு 1928 வரை காத்திருக்க நேர்ந்தது.

பிரான்ஸிலும் பெண்கள் இதே வேலையைத்தான் செய்தார்கள். கீழவை 1919இல் ஒப்புக்கொண்டதை 1922இல் செனட் தள்ளிவிட்டது. உரிமை வந்தது 1944இல். நியூசிலாந்திலோ பெரும்போர் எதுவும் இல்லாமலே 1893இல் கிடைத்துவிட்டது!

போரின் கைவேலை என்று காட்டவேண்டுமானால் கடிகாரத்தைக் காட்டுங்கள். மாலை வெளிச்சத்தைப் பயன்படுத்தி நிலக்கரியை மிச்சம் பிடிக்க 1916 கோடையில் ஜெர்மனி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. மூன்றே வாரத்தில் பிரிட்டனும் அப்படியே செய்தது. அங்கே கடிகாரம் மாறும் மார்ச் கடைசியில், லண்டனில் இருக்கும் மகளுடன் பேசும் நேரம் எனக்கு இன்றும் குழம்புகிறது.