இடக்கைக்குப் பொருந்தாத ஜாய்ஸ்டிக்

கணினியில் விமானச் சண்டை விளையாட, இடக்கைக்குப் பொருந்தும் ஜாய்ஸ்டிக் (விமானத்தை ஓட்டும் கைப்பிடி) தேடி, சேலம் ஐந்து ரோடு பக்கம் நான்கு கடைகள் ஏறி இறங்கிவிட்டேன். எங்கேயும் ஒரே பதில்: "இருப்பது இதுதான் சார்." காட்டிய ஜாய்ஸ்டிக் எல்லாமே வலது உள்ளங்கைக்கென்று வார்த்தவை. இடக்கையால் பிடித்தால் கட்டைவிரலுக்குப் பொத்தான் எட்டுவதில்லை. கைப்பிடியின் மேடு சுண்டுவிரலுக்குக் கீழே குத்துகிறது. அரை மணி நேரம் விமானச் சண்டை ஆடினால் அந்த இடம் சிவந்து தடித்துவிடுகிறது.

விசைப்பலகை அதைவிடக் கொடுமை. சக்கரத்தை மடக்க ஜி விசை, ஃபிளாப்புக்கு (இறக்கையின் பின்மடிப்புக்கு) எஃப் விசை, இரண்டும் இடப்பக்கம். வலக்கை குறுக்கே பாய்ந்து துழாவுவதற்குள் எதிரி வாலைப் பிடித்துவிடுகிறான். நேற்று இரவும் அப்படித்தான் வீழ்ந்தேன்.

"வலக்கையில் பழகிக்கொள்" என்கிறார் அண்ணன். பந்தியில் உட்கார்ந்தாலும் கடையில் காசு நீட்டினாலும் சிறுவயது முதல் இதைத்தானே கேட்கிறேன்! குறி பார்க்க எனக்கு இடக்கைதான் வரும்.

நிஜ விமானத்தில் இது புதிதா என்ன? ஏர்பஸ் கேப்டன் இடது இருக்கையில் அமர்ந்து இடக்கையால்தான் ஸ்டிக்கைப் பிடிக்கிறார். இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் ஆரம்ப வகைகளில் சக்கரத்தை மடக்கும் கைப்பம்பு வலப்பக்கம் இருந்தது. தரையை விட்டு எழும்பியதும் விமானிகள் ஸ்டிக்கை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

இரு கைக்கும் பொருந்துகிற ஸ்டிக்குகள் உலகத்தில் உண்டு. ஊருக்கு ஒன்றாவது வாங்கி வைக்கக் கூடாதா?